தோட்டத்து வீட்டில் கணினி வேலை: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவர்கள் இப்போது கொஞ்சம் பேர் சேர்ந்துவிட்டோம். எனக்குப் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஒரு நிறுவனத்தில் கணக்கு மென்பொருளுக்கான உதவிப் பிரிவில் வேலை. 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, இரண்டே வாரம்தானே என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வீட்டுக்கு வந்தவள் நான். திரும்பிப் போகவே இல்லை. போன ஞாயிறு நம் ஆட்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, டவுனில் ஃபைபர் லைன் போட்டிருக்கிறேன். வேகம் பார்த்தால் 100 காட்டுகிறது. ஆனால் மீட்டிங்கில் என் குரல் உடைந்து உடைந்து கேட்கிறதாம். மற்றவர்கள் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது.

பதில்: கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது, தம்பி. உங்களுக்கு வருவது ஒழுங்காக வருகிறது, உங்களிடமிருந்து போவதுதான் சிக்குகிறது. வேகம் பார்க்கும்போது எல்லாரும் பதிவிறக்க எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். பதிவேற்ற எண்ணையும் பாருங்கள். சும்மா இருக்கும் நேரத்தில் பார்த்துப் பயனில்லை, மீட்டிங் ஓடும் நேரத்தில் பாருங்கள்.

ஒரு காணொளி அழைப்புக்கு ஏறக்குறைய 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1 மெகாபிட்) போதும். கும்பலாக, தெளிவான படத்தோடு பேச 3 அல்லது 4 வேண்டும். குரல் மட்டும் என்றால் 0.1 அளவே தாராளம். அப்படியென்றால் உங்கள் லைனில் இடம் இருக்கிறது, வேறு யாரோ அதை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த யாரோ என் தங்கை. கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து கைப்பேசியை வைஃபையில் போட்டாள். எடுத்த படமெல்லாம் தானாக மேகச் சேமிப்புக்கு ஏற ஆரம்பித்தது. அன்று மாலைவரை நான் பேசியது யாருக்கும் புரியவில்லை. மேலாளர் என்னைக் காய்ச்சலா என்று கேட்டார்.

படம் ஏற்றுவதை இரவுக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் கணினியிலேயே ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஓடினால் மீட்டிங் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். ரூட்டரில் முன்னுரிமை அமைப்பு இருந்தால் வேலைக் கணினியை மேலே வையுங்கள்.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லையா? வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரிலிருந்து நேராக ஒரு கேபிள் போடுங்கள். பத்துப் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) செலவில் தீரும் பிரச்சினைக்கு மாதம் முப்பது வெள்ளி கூடுதலாகக் கொடுத்துப் பெரிய பிளான் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். கேபிளுக்கு வழியில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மாறுங்கள். அது வேகமானது, ஆனால் சுவர் தாண்டச் சோம்பல்படும். ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார வேண்டும். 2.4 தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, உங்கள் வீட்டு மைக்ரோவேவ் எல்லாம் அதே அலையில்தான் நெரிசல்படுகின்றன.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு ஃபைபர் வரவில்லை. பழைய லயத்து வீடு, பாதி செங்கல், பாதி பலகை, மேலே தகரக் கூரை. வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னல், வாசலில் மூன்று கோடு. என்ன செய்யலாம், அக்கா?

பதில்: நான் அதிகம் பாடுபட்டது இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

தகரம் அலையைத் திருப்பி அடித்துவிடும். ஆகவே வீட்டுக்குள் எவ்வளவு நல்ல மோடம் வைத்தாலும் பலன் குறைவு. முதலில் ஒரு காசும் செலவழிக்காமல் ஒரு நாள் வீட்டைச் சுற்றி நடங்கள். விடியற்காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, எல்லாரும் வேலை முடிந்து வந்து கைப்பேசியை எடுக்கும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை. கோடுகளை நம்பாதீர்கள். கைப்பேசியில் சிக்னல் அளவை டிபிஎம் கணக்கில் காட்டும் செயலியைப் போட்டுப் பாருங்கள். மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டினால் திண்டாட்டம். சில நேரம் சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் இருக்காது, அது கோபுரத்தில் கூட்டம் அதிகம் என்று பொருள். அதற்கு ஆண்டெனா மருந்தல்ல, வேறு நிறுவனத்தின் சிம்தான் மருந்து.

அந்த நடையில் எந்தச் சுவர்ப் பக்கம் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். வெளி ஆண்டெனா மாட்டும் துளை உள்ள சிம் ரூட்டர் வாங்கி, ஆண்டெனாவைக் கூரைக்கு வெளியே, அந்தப் பக்கம் பார்த்து மாட்டுங்கள். ரூட்டருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் உள்ள கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நீளக் கேபிள் பிடித்த சிக்னலை வழியிலேயே தின்றுவிடும். எங்கள் வீட்டில் முதலில் சமையலறைப் பக்கம் மாட்டிப் பதினைந்து மீட்டர் இழுத்தோம். உள்ளே வைத்த மோடமே தேவலாம் என்றாகிவிட்டது.

ரூட்டரில் எந்த அலைவரிசையைப் பிடிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் அதையும் சோதியுங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், செம்பனைக் காட்டுக்குள்ளும் ஓரளவு புகும். 2600 வேகம் கொடுக்கும், ஆனால் மரம் மறைத்தால் வாடிவிடும். மழை பெய்து ஓலையெல்லாம் நனைந்தால் இன்னும் மோசம். இன்னொன்று, பழைய 3ஜி மோடம் யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். நம் நாட்டில் 3ஜி 2021 முடிவோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

கடைசியாக, இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ரூட்டரில், ஒன்று கைப்பேசியில். ஒன்று படுத்தால் ஒன்று எழுந்து நிற்கும்.

கேள்வி: இடி இடித்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும் என்று அம்மா கத்துகிறார். மீட்டிங் நடுவில் எப்படி?

பதில்: அம்மா சொல்வதுதான் சரி. உலகில் இடி மின்னல் மிக அதிகம் உள்ள நாடுகளில் நம்முடையதும் ஒன்று. நான் ஒருமுறை "இன்னும் ஐந்து நிமிஷம்" என்று உட்கார்ந்து ரூட்டர், அடாப்டர், மடிக்கணினியின் சார்ஜர் மூன்றையும் பறிகொடுத்தேன்.

ஃபைபர் கம்பி கண்ணாடி, மின்னல் அதன் வழியாக வராது. ஆனால் பெட்டியின் அடாப்டர் வழியாக வரும். பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி இருந்தால் இரண்டு வழியாகவும் வரும். வெளி ஆண்டெனா போட்டிருந்தால் அதையும் சேர்த்துக் கழற்றுங்கள். வானம் இருட்டும்போதே கழற்ற வேண்டும், தலைக்கு மேல் இடிக்கும்போது கம்பியில் கை வைக்காதீர்கள்.

மடிக்கணினி பேட்டரியில் ஓடும், கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணையம் வரும். எனவே மீட்டிங் நிற்க வேண்டியதில்லை, படத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். வெறும் மின்தடைக்கு என்றால் ரூட்டருக்கு மட்டும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் போதும். பெரியது வாங்கி அதில் மேசைக் கணினி, மின்விசிறி எல்லாம் மாட்டினால் பத்து நிமிஷத்தில் கூவிவிட்டு அணைந்துவிடும்.

கேள்வி: ஈப்போவில் உள்ள அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து திறந்து வேலை செய்கிறேன். மவுஸை நகர்த்தினால் மெல்ல யோசித்துத்தான் நகர்கிறது.

பதில்: இணைப்பு அமைப்பில் நிறத்தை 16 பிட்டுக்குக் குறையுங்கள், பின்னணிப் படம், எழுத்து மெருகு, அசைவுகள் எல்லாவற்றையும் அணையுங்கள், ஒரே திரை மட்டும் வையுங்கள். கோப்புகளை வீட்டுக்கு இழுத்துத் திருத்தித் திருப்பி அனுப்பாதீர்கள், அங்கேயே திறந்து அங்கேயே சேமியுங்கள். லைன் அறுந்தாலும் பயப்பட வேண்டாம், விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் நீங்கள் விட்ட இடத்திலேயே எல்லாம் திறந்தபடி இருக்கும். ஆனால் அங்கே இருக்கும் கணினி தூங்கப் போகாதபடி அமைத்துவிட்டு வாருங்கள். தூங்கிவிட்டால் யாராவது போய்த் தட்டி எழுப்ப வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அலுவலக ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 என்ற கதவை (போர்ட்) இணையத்துக்கு நேராகத் திறந்துவிட்டுச் சிலர் வேலை செய்கிறார்கள். திருடர்கள் நாள் முழுதும் தட்டிப் பார்க்கும் கதவு அது. அலுவலகத்துக்குப் போகும் பூட்டிய தனி வழியான விபிஎன் மூலம் மட்டும் போங்கள். உங்கள் நிறுவனத்தில் அது இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான்கு வருஷமாக வீட்டிலிருந்து வேலை. பதவி உயர்வு எல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே போகிறது. என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன், அக்கா.

பதில்: என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பேர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். மத்தியானம் பாலை ஸ்டோருக்குக் கொண்டு போய் நிறுத்து, புத்தகத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நடுவில் காட்டுக்குள் அவர் என்ன செய்தார் என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று இரண்டு பதிவு இருந்தது.

நம்மில் பலர் காட்டுக்குள் மட்டும் இருக்கிறோம், பெரட்டும் இல்லை, நிறுவையும் இல்லை. பிறகு கிராணியைக் குறை சொல்கிறோம்.

நான் தினமும் காலை ஒன்பதுக்குள் குழுவுக்கு மூன்று வரி அனுப்புவேன். இன்று எதை முடிப்பேன், எது யாரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது, எந்த நேரத்தில் இருக்க மாட்டேன். சாயங்காலம் இரண்டு வரி: எது முடிந்தது, எது நாளைக்குப் போனது. "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். "மூன்று வாடிக்கையாளரின் விற்பனை வரிப் படிவம் சரி செய்தாகிவிட்டது, நான்காவதற்கு வங்கி அறிக்கை வரவில்லை" என்று எழுதினால் ஆள் இருப்பது தெரியும். ஆண்டு இறுதி மதிப்பீட்டின்போது இந்த வரிகளைத் திரட்டினாலே போதும், தனியாக எதுவும் நினைவுபடுத்திக்கொண்டு உட்கார வேண்டாம்.

லைன் போகும்போதும் இப்படித்தான். போன பிறகு மன்னிப்புக் கேட்பதைவிட, மழை கட்டும்போதே "நான் அறுந்தால் குரல் அழைப்பில் வருகிறேன்" என்று எழுதிவிடுங்கள். டேட்டா இல்லாத இடத்திலும் பல நேரம் சாதாரண எஸ்எம்எஸ் போகும், மேலாளரின் எண்ணைத் தனியாகத் தாளில் எழுதி வையுங்கள்.

அலுவலக அரட்டைச் செயலியில் நாம் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அணையாமல் இருக்க மவுஸை ஆட்டும் கருவி வாங்கலாமா என்று இன்னொரு தம்பி தனியாகக் கேட்டார். வேண்டாம், தம்பி. அது காலியான பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பது மாதிரி.

பிறகு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போய்வாருங்கள். மீட்டிங்குக்காகப் போகாதீர்கள், சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள்.

கேள்வி: வீட்டில் இருப்பதால் சும்மா இருக்கிறேன் என்றே நினைக்கிறார்கள். மாமியார் தேங்காய் வாங்கி வரச் சொல்கிறார், பத்திரிகை வைக்க வருபவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பதில்: இதற்கு எந்தச் செயலியும் இல்லை. எனக்கு வேலை செய்தது ஒரு துண்டு. அறைக் கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் நான் பேசிக்கொண்டிருக்கிறேன், இல்லை என்றால் கூப்பிடலாம். துண்டு இல்லாத நேரம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். நான் பத்தரைக்குப் பதினைந்து நிமிஷம், ஒரு மணிக்குச் சாப்பாடு என்று வைத்திருக்கிறேன். தேங்காய் அந்த நேரத்தில் வரும் என்று என் மாமியாருக்குத் தெரிந்த பிறகு அவரே வருபவர்களிடம் "மருமகள் வேலையில் இருக்கிறாள்" என்று சொல்ல ஆரம்பித்தார். முதல் மாதம் கஷ்டம்தான்.

கேள்வி: எங்கள் குழு சென்னையில். அவர்கள் மாலை ஆறு மணி மீட்டிங் வைத்தால் எனக்கு எட்டரை ஆகிறது.

பதில்: இரண்டரை மணி நேர வித்தியாசம். காலையில் அவர்கள் வருமுன் உங்களுக்கு அமைதியான இரண்டரை மணி கிடைக்கிறதே, தலைவலி வேலையை அங்கே வையுங்கள். மாலையில் அவர்கள் நேரம் மூன்றரைக்குப் பிறகு உங்களை அழைக்கும் மீட்டிங் வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். (1982-க்கு முன் நம் கடிகாரம் அரை மணி பின்னால் இருந்தது. அப்போது இந்த வேலை இருந்திருந்தால் வித்தியாசம் இரண்டு மணிதான்.)

கேள்வி: வீட்டிலிருந்து வேலை செய்ய முதலாளி அனுமதி கொடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தப்படி நீங்கள் எழுத்தில் விண்ணப்பித்தால், 60 நாளுக்குள் அவர் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வாயால் கேட்டு வாயால் மறுப்பு வாங்காதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து செய்கிறேன். சம்பளம் டாலரில். வரி இல்லை என்கிறார்களே?

பதில்: யார் சொன்னது? பணம் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியமில்லை, நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடம் மலேசியா. வருமான வரி வாரியத்திடம் காட்டத்தான் வேண்டும். ஊழியர் சேமநிதியில் முதலாளி பங்கும் இல்லை என்பதால் ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே போட்டு வாருங்கள், அரசாங்கமும் அதில் கொஞ்சம் சேர்க்கிறது.

கேள்வி: வீட்டிலிருந்தே டேட்டா பதியும் வேலையாம். முதலில் 300 வெள்ளி கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: கட்டாதே, தங்கச்சி. ஏற்கனவே அனுப்பிவிட்டாய் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே உன் வங்கிக்கும் மோசடிப் புகார் எண் 997-க்கும் கூப்பிடு.

கேள்வி: வீட்டில் மேசை போடவே இடமில்லை, அக்கா. வேறு எங்கே போகலாம்?

பதில்: முன்பு பெடி என்றார்களே, இப்போது நாடி என்று பெயர் மாற்றிய அரசாங்க இணைய மையம், பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கணினி, இணையம் இரண்டும் இருக்கும். கோயில் மண்டபமும் மோசமில்லை, மேளம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். சாப்பாட்டுக் கடை வைஃபையில் வாடிக்கையாளர் கணக்கைத் திறக்காதீர்கள், அங்கே உங்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே மேல்.

இன்னும் இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது, முதுகுவலி பற்றி ஒன்று, கண் எரிச்சல் பற்றி ஒன்று. மேற்கே கறுத்துவிட்டது, அம்மா ஏற்கனவே ரூட்டர் பக்கத்தில் போய் நிற்கிறார். அவற்றை அடுத்த ஞாயிறு பார்ப்போம்.