எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்றுக்கு ஒன்று, ஆனால் பதில் வரவில்லை: லோ பேண்ட் ஆன்டெனா கேள்வி பதில்

அமெச்சூர் வானொலிக்கான லோ பேண்ட் ஆன்டெனா பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னது என் தப்புதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. 160, 80, 40 மீட்டர் அலைநீளப் பேண்டுகள், இந்த மூன்றைத்தான் லோ பேண்ட் என்கிறேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டுவது, 1 என்றால் முழுப் பொருத்தம்) நன்றாகத்தான் காட்டுகிறது, யாரும் பதில் சொல்வதில்லை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 80 மீட்டருக்கு டைபோல் கட்ட ஆசை. என்னிடம் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு 25 மீட்டர்தான் இடம் இருக்கிறது. சுருள் வைத்த ரெடிமேட் குட்டை ஆன்டெனா வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். டைபோல் என்பது நடுவில் கேபிள் சேரும், இரண்டு கை கொண்ட கம்பி. அதன் மொத்த நீளத்துக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் விடை வரும். 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 39.7 மீட்டர், அதாவது ஒரு கைக்கு 20 மீட்டர் சுமார். இதை நேர்க்கோட்டில்தான் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நடுவில் 12 மீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பமோ மரமோ கிடைத்தால் அங்கிருந்து இரண்டு பக்கமும் சரித்து இறக்குங்கள், முனைகள் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் நின்றால் ஒவ்வொரு கையிலும் 15 மீட்டருக்கு மேல் அடங்கிவிடும், மிச்சம் நாலரை மீட்டரைப் பக்கவாட்டில் மடக்கிக் கட்டிவிடலாம். மின்னோட்டம் அதிகம் ஓடுவது நடுப்பகுதியில். கதிர்வீச்சில் பெரும்பங்கு அங்கிருந்துதான். முனையில் ஓட்டம் குறைவு என்பதால் மடக்குவதால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் முனையில் மின்னழுத்தம் அதிகம், 100 வாட்டிலேயே கை பட்டால் சுட்டுவிடும், ஆகவே யாருக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

முதலில் சூத்திரம் சொல்வதைவிட அரை மீட்டர் நீளமாக வெட்டுங்கள். தரைக்குப் பக்கத்தில் வரும் முனைகள் அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும், எப்படியும் வெட்டிக் குறைக்கத்தான் போகிறீர்கள். வெட்டுவது சுலபம், ஒட்டுவதுதான் தலைவலி.

சுருள் வைத்த குட்டை ஆன்டெனா வேலை செய்யாது என்று சொல்லமாட்டேன். ஆனால் முழு நீள டைபோலே 80 மீட்டர் பேண்டை முழுதாக மூடாது. குட்டையாக்கினால் அந்த அகலம் இன்னும் சுருங்கும், சுருளும் தன் பங்குக்குக் கொஞ்சம் சூடாகிக்கொள்ளும். வேறு வழியே இல்லாதபோது அதை வாங்குங்கள். இன்னொன்று, 12 மீட்டர் உயர டைபோல் பெரும்பாலும் வானத்தைப் பார்த்துத்தான் அனுப்பும். சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்கு அது அருமை. கடல் தாண்ட வேண்டும் என்றால் செங்குத்து ஆன்டெனாவுக்குப் போக வேண்டும், அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

கேள்வி: 80 மீட்டருக்குக் கால் அலை செங்குத்து ஆன்டெனா வைத்திருக்கிறேன். நான்கு ரேடியல் (ஆன்டெனாவின் அடியிலிருந்து சுற்றிலும் பரப்பும் கம்பி) போட்டபோது எஸ்.டபிள்யூ.ஆர். 1.1. ஒரு நண்பர் சொன்னார் என்று மேலும் பதினாறு போட்டேன், 1.3 ஆகிவிட்டது. நண்பரைக் குறை சொல்வதா, பிடுங்கிப் போடுவதா?

நண்பருக்கு நன்றி சொல்லுங்கள். எனக்கு வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி இது.

கால் அலை செங்குத்துக் கம்பியின் கதிர்வீச்சு மின்தடை, அதாவது காற்றில் போகும் சக்தியைக் குறிக்கும் தடை, சுமார் 36 ஓம். கேபிள் எதிர்பார்ப்பது 50. நான்கு ரேடியலோடு உங்களுக்கு ஏறத்தாழ பொருத்தமாகக் காட்டியது என்றால் நடுவில் இருந்த பத்துப் பதினான்கு ஓமை எது கொடுத்தது? தரைதான். அந்த ஓமில் விழும் சக்தி மண்ணைச் சூடாக்குகிறது, புழுக்களுக்கு இதமாக இருந்திருக்கும். 100 வாட் அனுப்பினால் 72 முதல் 78 வாட்தான் காற்றில் போனது. இப்போது 1.3 என்பது 38 ஓமைச் சுற்றி நிற்கிறது, அதாவது 90 வாட்டுக்கு மேல் வெளியே போகிறது. மீட்டருக்குப் பிடிக்கவில்லை, ஆன்டெனாவுக்குப் பிடித்திருக்கிறது. 1.3-ஐ எந்த செட்டும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

உங்கள் கணக்கில் லாபம் ஒரு டெசிபலைச் சுற்றித்தான். 160 மீட்டரில் இதே தப்பைச் செய்தால்தான் அடி பலமாக விழும். அங்கே கால் அலை என்றால் 39 மீட்டர் உயரம், நம்மில் எத்தனை பேரால் முடியும்? அதனால் 15 மீட்டர் செங்குத்தாக ஏற்றி மிச்சத்தைக் கிடையாக இழுத்து தலைகீழ் எல் மாதிரி கட்டுகிறோம். அதன் கதிர்வீச்சு மின்தடை பத்துப் பதினொரு ஓம்தான். தரை நஷ்டம் 30 ஓம் என்று வையுங்கள், கூட்டினால் 41, எஸ்.டபிள்யூ.ஆர். 1.2. மீட்டரைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். போட்ட 100 வாட்டில் 27 தவிர மற்றதெல்லாம் மண்ணுக்கு!

எத்தனை ரேடியல் என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்க வானொலி நிறுவனமான ஆர்.சி.ஏ.-வின் பொறியாளர்கள் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் 1937-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு மத்திய அலை ஒலிபரப்பு நிலையங்களில் 120 ரேடியல் என்பது வழக்கமாகிவிட்டது. நமக்கு அவ்வளவு வேண்டாம். பதினாறு வரைக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் பலன் தெரியும், முப்பத்திரண்டு போட்டால் நிம்மதி, அதற்கு மேல் ஆசை. கம்பி கையிருப்பு குறைவு என்றால் நீளத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 80 மீட்டரில் 20 மீட்டர் நீளத்தில் நான்கைவிட 10 மீட்டர் நீளத்தில் எட்டு போடுவது மேல், அதுவும் தரையில் கிடப்பதற்கு நீளம் துல்லியமாக இருக்க வேண்டியதே இல்லை. தரையிலிருந்து தூக்கிக் கட்டும் ரேடியல் கதை வேறு, இரண்டு அல்லது நான்கு போதும், ஆனால் அவை கால் அலையாக இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: உறை போட்ட வயரா, வெறும் செம்புக் கம்பியா?

எது கையில் இருக்கிறதோ அது. உறை போட்டது ரேடியோ அலைக்குச் சற்று நீளமாகத் தெரியும், இரண்டு முதல் ஐந்து சதவீதம் வரை குறைத்து வெட்ட வேண்டி வரும். மெல்லிய மென்செம்பு மட்டும் வேண்டாம், மாதக்கணக்கில் இழுபட்டு நீண்டுகொண்டே போகும், பேண்டின் நடுவில் இருந்த அதிர்வு மெல்ல மெல்ல அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: மூன்று வருடம் முன்பு கட்டிய டைபோல். இப்போது எஸ்.டபிள்யூ.ஆர். கட்டிய நாளைவிட நன்றாக இருக்கிறது, பேண்ட் முழுக்க 1.5-ஐத் தாண்டவில்லை. ஆனால் பழைய நண்பர்களுக்கே நான் கேட்பதில்லை. செட் பழுதா?

தானாக நல்லதாகும் ஆன்டெனாவை நம்பாதீர்கள். கேபிளில் தண்ணீர் போயிருக்கிறது என்று பார்க்காமலே பந்தயம் கட்டுவேன், ஏனென்றால் இதே சந்தோஷத்தில் நான் ஒரு முழு மழைக்காலத்தை ஓட்டியிருக்கிறேன். அதிர்வெண்ணை எங்கே திருப்பினாலும் முள் அசையவில்லை, என் கை ராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கனெக்டரைக் கழற்றினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது! உறையைக் கிழித்தால் பின்னல் கம்பி கரிக்கட்டை மாதிரி கறுத்துக் கிடந்தது.

நடப்பது இதுதான். நஷ்டமுள்ள கேபிளில் மேலே போகும் சக்தி பாதி வழியில் கரைகிறது, ஆன்டெனாவில் முட்டித் திரும்பி வருவதும் கரைகிறது. திரும்பி வருவது குறைந்தால் மீட்டர் அதைப் பொருத்தம் என்று படிக்கிறது. சோதிப்பது எளிது: ஆன்டெனா முனையில் கேபிளைக் கழற்றித் திறந்து விடுங்கள், கீழே நானோ வி.என்.ஏ. அல்லது அனலைசரை (தானே சிறிய சிக்னல் கொடுத்து அளக்கும் கருவி) மாட்டி 3.6-இல் அளவெடுங்கள். செட்டை வைத்துச் சக்தி அனுப்பிச் சோதிக்காதீர்கள். 30 மீட்டர் நல்ல கேபிள் என்றால் எஸ்.டபிள்யூ.ஆர். 10-க்குப் பக்கத்திலோ மேலேயோ காட்ட வேண்டும், இங்கே எண் பெரிதாக இருந்தால்தான் மகிழ்ச்சி. 3 என்று காட்டினால் ஒரு வழிப் பயணத்தில் 3 டெசிபல் போகிறது, பாதி சக்தி கேபிளுக்கே.

கறுத்த கேபிளைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள், தெரியவே இல்லை என்றால் தூக்கிப் போடுங்கள். புதிதாக மாட்டும்போது தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் வெயில் தாங்க பி.வி.சி. டேப். கடைசிச் சுற்று கீழிருந்து மேலாகப் போகட்டும், ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீரை வழித்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் பசையைக் கனெக்டரில் பூசாதீர்கள், அந்த அமிலம் செம்பைத் தின்னும்.

கேள்வி: 80 மீட்டரில் அனுப்பும்போது மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறது.

கேபிளின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் ஓடி உங்கள் அறைக்கே வந்துவிட்டது. ஆன்டெனாவில் கேபிள் சேரும் இடத்தில் சோக் (அந்த வெளிப்புற ஓட்டத்தைத் தடுக்கும் சுருள்) வையுங்கள்: 31 வகை ஃபெரைட்டில் சுமார் 6 சென்டிமீட்டர் வளையம், மெல்லிய கோஆக்ஸ் கேபிள் பத்துப் பன்னிரண்டு சுற்று. கேபிளையே வளைத்துக் கட்டும் காற்றுச் சுருள் மேல் பேண்டுகளில் ஓரளவு உதவும், லோ பேண்டில் பெரும்பாலும் அலங்காரம்தான். சோக் போட்டபின் கேட்கும் இரைச்சலும் குறைந்தால் ஆச்சரியப்படாதீர்கள், வெளிப்புறம் இரண்டு திசையிலும் வேலை செய்துகொண்டிருந்தது.

கேள்வி: எல்லோரும் என்னை 59 (தெளிவாக, பலமாகக் கேட்கிறது) என்கிறார்கள். எனக்கோ அவர்கள் இரைச்சலுக்குள் புதைந்துபோகிறார்கள். இன்னும் உயரமாகக் கட்டவா?

வாய் பெரிதாக இருக்கிறது, காது சரியில்லை. இன்னும் உயரம் ஏற்றினால் சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும். முதலில் செட்டை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறான். ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுக்கொண்டே வாருங்கள், எல்.இ.டி. விளக்கோ, சார்ஜரோ, சோலார் இன்வெர்ட்டரோ சிக்கும்.

அதற்குப் பிறகும் இருந்தால் கேட்பதற்கென்றே தனி ஆன்டெனா. இது புதுக் கதை இல்லை. அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் பெவரேஜ் 1921-இல் காப்புரிமை பெற்ற நீளக் கம்பி ஆன்டெனாவை வைத்துத்தான் அதே வருடம் டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர் பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனில் கூடாரம் போட்டு அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னலைக் கேட்டார். இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் ஓர் அலைநீளம் அல்லது அதற்கு மேல் கம்பி, தொலை முனையில் 450 ஓம் போல ஒரு தடையோடு எர்த், இந்த முனையில் ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்பார்மர், அவ்வளவுதான். சிக்னல் அளவு பரிதாபமாக விழும், பயப்படாதீர்கள். லோ பேண்டில் வானத்து இரைச்சல் செட்டின் சொந்த இரைச்சலைவிட எவ்வளவோ அதிகம், இரண்டும் சேர்ந்து குறைந்தால் காதுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஒரு திசையிலிருந்து மட்டும் கேட்பதால் மற்ற திசைகளின் இடிச்சத்தம் வெளியே நிற்கும். 160 மீட்டர் நீளத்துக்கு எங்கே போவது என்றால், ஒரு மீட்டர் விட்டத்தில் சின்ன லூப் செய்து அதன் செவிட்டுத் திசையை இரைச்சல் வரும் பக்கம் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: மரத்தில் கட்டிய முனை ஒவ்வொரு காற்றுக்கும் அறுந்துபோகிறது.

மரம் ஆடும், கம்பி ஆடாது, அதனால் அறுகிறது. மரத்தில் கப்பி மாட்டிக் கயிற்றை அதன் வழியே இறக்கி முனையில் எடை தொங்கவிடுங்கள், மரம் ஆடும்போது எடை ஏறி இறங்கிக்கொள்ளும். கயிறு பாலியெஸ்டராக இருக்கட்டும். மலிவான பாலிபுரொப்பிலீன் வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், எடை வேறு தொங்குகிறது, கீழே யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது.

கேள்வி: புதிதாகக் கட்டிய 160 மீட்டர் ஆன்டெனாவில் பகல் முழுக்கக் கூப்பிட்டும் ஒருவரும் இல்லை. எங்கே தப்பு?

கடிகாரத்தில். பகலில் வெயிலால் வளிமண்டலத்தின் மேலே உருவாகும் டி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும், அப்போது பக்கத்து ஊரைத் தாண்டினாலே பெரிது. சூரியன் மறையும் நேரத்திலிருந்து கேளுங்கள், விடிவதற்குச் சற்று முன் இன்னொரு முறை. ஆன்டெனாவை இப்போதைக்குத் தொடாதீர்கள்.