நியூட்டனைத் திருத்தினால் கணக்கு சரியாகுமா?

கேள்வி: கரும்பொருளை இதுவரை யாரும் கண்டதில்லை. அதைத் தேடி அலைவதைவிட, நியூட்டனின் ஈர்ப்பு விதியைத் திருத்திவிட்டால் கணக்கு சரியாகிவிடாதா சார்? (வாசகி, உடுமலைப்பேட்டை)

பதில்: பாதிக் கணக்கு சரியாகிறது அம்மா. அந்தப் பாதிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது.

பதினொன்றாம் வகுப்புக்கு ஈர்ப்பியல் நடத்திய காலத்தில் கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதுவேன். சூரியனைச் சுற்றும் புதனின் வேகம் விநாடிக்கு 47 கி.மீ.; நெப்டியூனின் வேகம் 5 கி.மீ. சொச்சம். தள்ளிப் போகப் போக வேகம் குறைய வேண்டும். ஆனால் 1970-ல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமிடா என்ற விண்மீன் திரளை அளந்தபோது, வெளிப்புற வாயு மேகங்களின் வேகம் அப்படிக் குறையவில்லை.

கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்று ஈர்ப்பைக் கூட்டுகிறது என்றார்கள் பலர்; அதுதான் கரும்பொருள். இஸ்ரேலின் இயற்பியலாளர் மோர்தெகாய் மில்கிரோம் 1983-ல் நீங்கள் கேட்டதையே செய்தார். முடுக்கம் ஒரு அளவுக்குக் கீழே போனால் ஈர்ப்பின் விதியே மாறுகிறது என்றார். அந்த அளவு எவ்வளவு சிறியது தெரியுமா? அசையாமல் நிற்கும் பொருளை ஒரு வருடம் முழுக்க அந்த முடுக்கத்தில் தள்ளினாலும், கடைசியில் அதன் வேகம் விநாடிக்கு 4 மில்லிமீட்டர்தான், எறும்பே முந்திவிடும். இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எத்தனையோ விண்மீன் திரள்களின் சுழற்சியைச் சொல்லிவிடலாம். மங்கலான திரள்களில் நியூட்டன் கணக்கோடு உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியும் என்று அவர் முன்கூட்டியே சொன்னார். பிறகு அளந்தபோது அப்படியே இருந்தது. அந்தத் துணிச்சலுக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

ஆனால் திரள்களின் கொத்துகளில் அந்த எண் போதவில்லை. புல்லட் கொத்து என்று ஒன்று உண்டு; அதில் இரண்டு கொத்துகள் மோதி ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றிருக்கின்றன. சாதாரணப் பொருளில் பெரும்பங்கான வாயு நடுவில் தேங்கிவிட்டது. நிறை இருக்கும் இடத்தில் ஈர்ப்பால் ஒளி வளையும்; பின்னாலிருந்து வரும் ஒளி அப்படி வளைவதை 2006-ல் கணக்கிட்டபோது, நிறை அந்த வாயுவோடு இல்லை. இரு பக்கமும் விலகிப் போயிருந்தது. வாயுவைப் போலத் தேங்காமல் கடந்து போன வேறொரு பொருள் இருக்க வேண்டும். இதனால்தான் நான் கரும்பொருள் பக்கம் நிற்கிறேன்.

அதன் துகளைப் பிடிக்க, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கத்துக்குள், சுமார் ஒன்றரை கி.மீ. ஆழத்தில், செனான் என்ற வாயுவைத் திரவமாக்கி டன் கணக்கில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. நாளை சிக்கினாலும், மில்கிரோமின் ஒற்றை எண் ஏன் அத்தனை திரள்களுக்கும் பொருந்துகிறது என்பதற்கு அந்தத் துகள் பதில் சொல்லியாக வேண்டும்.