மக்ரோன் எக்லெஸ்னு வாயால சொன்னா நம்பிராதீங்க

பாளையங்கோட்டைல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழம வீட்டோட சாப்பிடலாம்னு பக்கத்து பேக்கரில கலர் கலரா மக்ரோன் ஒரு பாக்ஸ் வாங்கிருக்காங்க. மாமியார் சுத்த சைவம். கடைக்காரர் "எக்லெஸ்தாம்மா, தைரியமா குடுங்க"ன்னுட்டார், அவுகளும் நல்லாருக்குன்னு ரெண்டு சாப்பிட்டாக. அப்புறம் பேரன் போன்ல பாத்துட்டு "ஆச்சி, இதுல முட்டை உண்டு"ன்னு கொளுத்திப் போட்டுட்டான், இப்ப வீட்டுல பேச்சுவார்த்தையே இல்லையாம். "அண்ணாச்சி, உள்ளத சொல்லுங்க, முட்டை இருந்திருக்குமா?"

பெரும்பாலும் இருந்திருக்கும்மா. மக்ரோன்னாலே முட்டை வெள்ளைக்கரு, சீனி, பாதாம் மாவு, இம்புட்டுத்தான் அந்த ஓடு, நடுவுல க்ரீமோ சாக்லேட்டோ. வெள்ளைக்கருவ நுரைக்க அடிக்கிறதுலதான் அது எழும்பி நிக்கி. நம்ம தூத்துக்குடி மக்ரூனும் அதே கதைதான், பாதாமுக்குப் பதிலா முந்திரிப்பருப்பு, அவ்ளோதான். மஞ்சக்கரு இல்லல்ல, அப்ப சைவம்தானன்னு ஒரு கூட்டம் கெளம்பிருக்கு. சவம், வெள்ளைக்கரு என்ன செடியிலயா காய்க்கி?

எக்லெஸ் மக்ரோனே கெடையாதான்னா, உண்டு. கொண்டக்கடலை வேகவச்ச தண்ணி இருக்குல்ல, நாம கீழ ஊத்துறது, அத சுண்டவச்சு ஆறவச்சு அடிச்சா வெள்ளைக்கரு மாதிரியே நுரைக்கும். 2014-ல ஜோயல் ரோசெல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பண்ணிப்பாத்து சொன்னது, அவர் சமையக்காரர்கூட இல்ல, சங்கீதக்காரர். அதுல மக்ரோன் வரும், நல்லாவே வரும். ஆனா நுரை சட்டுனு அமுங்கும், மெதுவா காயவச்சு சூடு கம்மியா வச்சு எடுக்கணும், ட்ரேக்கு பாதி ஒடஞ்சே போவும். இம்புட்டு பாடுபட்டு செய்யுற கடைக்காரர் அத போர்டு எழுதி மாட்டிருப்பார், நீங்க கேட்ட பொறவு சொல்ல மாட்டார். "எதுலம்மா அடிச்சீங்க"ன்னு கேளுங்க, கொண்டக்கடலைத் தண்ணின்னு வந்தா சரி, முழிச்சா வாங்காதீங்க.

இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம பக்கம் பல கடைல மக்ரோன் அங்க போட்டதே இல்ல. பெரிய ஊருல செஞ்சு ஃப்ரீசர்ல வச்சு அட்டைப்பெட்டில ஏஜென்ட் கொண்டாந்து எறக்குறது. அந்த அட்டைலதான் என்னென்ன சேத்திருக்குன்னு, தேதி, 14 இலக்க லைசென்ஸ் நம்பர், எல்லாம் இருக்கும், கடைக்காரர் அத கிழிச்சு எறிஞ்சுட்டு ரிப்பன் கட்டுன டப்பால மாத்தி வச்சுருவார், பாதி கடைக்காரங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, ஏஜென்ட் சொன்னத நம்மகிட்ட சொல்லுதாங்க. அதனால "வந்த அட்டைய காட்டுங்க"ன்னு கேளுங்க, வெக்கப்படாதீங்க. பச்ச கட்டத்துக்குள்ள பச்ச வட்டம்னா சைவம், பழுப்பு கட்டத்துக்குள்ள முக்கோணம்னா இல்ல. முட்டையும் சட்டப்படி அந்த முக்கோணத்துலதான் வரும். வீட்டுல யாருக்காவது பாதாம், முந்திரி, நிலக்கடலை அலர்ஜின்னா அட்டைய பாக்காம தொடவே தொடாதீங்க, பாதாம் விலைக்கு வேற எதையாவது கலக்குறவனும் உண்டு.

தட்டுல வச்சு விக்கிற ஸ்வீட்டுக்கு எது வரைக்கும் நல்லாருக்கும்னு தேதி எழுதி வைக்கணும்னு 2020 அக்டோபர்லயே ரூல் வந்தாச்சு. நீங்க எத்தன கடைல பாத்தீங்க? தீபாவளிக்கு முன்ன உணவு பாதுகாப்பு ஆபீசருங்க ஒரு ரவுண்டு வருவாங்க, கலர் பவுடர புடிப்பாங்க, பேப்பர்ல போட்டோ வரும், பொங்கலுக்குள்ள மறந்துரும். கம்ப்ளைன்ட் குடுத்தா பில் இருக்கா, டப்பா இருக்கான்னு நம்மளத்தான் குடைவாங்க, அதனால பில்லு வாங்காம வராதீங்க.

மாமியார்ட்ட ஒளிக்காம சொல்லிருங்க, தெரியாம நடந்தது, கடைக்காரர் வார்த்தைய நம்புனோம்னு. அடுத்தவாட்டி அவுகளுக்கு கோவில்பட்டி கடலைமிட்டாய் வாங்கிக் குடுங்க, கடலையும் வெல்லமும்தான், ஒரு வம்பும் இல்ல. மிச்ச மக்ரோன காத்து போகாத டப்பால போட்டு ஃப்ரிட்ஜுல வச்சு, திங்கிறதுக்கு அரமணி முன்ன வெளிய எடுங்க. தூத்துக்குடி மக்ரூன மட்டும் ஃப்ரிட்ஜுல வச்சுராதீங்க, ஈரம் ஏறி நமுத்துப்போவும், அதுக்கு இறுக்கமா மூடுன டின்னே போதும்.