மதுரையா, திருச்சியா, சென்னையா? நம் கரைக்காரர்களின் விமானக் கேள்விகள்

கீழக்கரையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு. என்னிடம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை; கேட்டவர்களின் பெயரை விட்டு, ஊர் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கீழக்கரை: காக்கா (அண்ணே), துபாயிலிருந்து மச்சான் வருகிறார். சென்னைக்கு எடுத்தால் நாலாயிரம் ரூபாய் குறைகிறது. எதற்கு எடுக்கட்டும்?

ஒருவர் மட்டும் வருகிறார் என்றால் மதுரைக்கே எடுங்கள். சென்னையில் இறங்கினால் வீட்டுக்கு இன்னும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கார் பிடித்தால் அந்த நாலாயிரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு போய்விடும். ராமேஸ்வரம் ரயில்கள் எழும்பூரில் சாயங்காலத்துக்கு மேல்தான் கிளம்பும். விடிகாலையில் இறங்கிய சபுராளி (வெளிநாட்டில் வேலை செய்து ஊர் திரும்புகிறவர்) பெட்டிகளோடு பகல் முழுக்க எங்கே உட்காருவார்?

மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பது நமக்கு வசதி. மண்டேலா நகரில் ரிங் ரோடு ஏறி, விரகனூரில் நம் ராமநாதபுரம் சாலையைப் பிடித்தால் மதுரை நெரிசலுக்குள் போகவே வேண்டாம். பரமக்குடி தாண்டி இரண்டரை மணி நேரத்தில் வீடு. ஐந்து பேர் குடும்பமாக வந்தால் கணக்கு வேறு; அப்போது சென்னை டிக்கெட்டும் ஒரு வேனும் சேர்ந்து மலிவாகவே வரலாம்.

ராமநாதபுரம்: அண்ணே, காலையில் மதுரை–சென்னை ஒரு டிக்கெட், மூன்று மணி நேரம் கழித்து சென்னை–சிங்கப்பூர் வேறு கம்பெனியில் இன்னொரு டிக்கெட். தனித்தனியாக எடுத்தால் குறைவாக இருக்கிறது. எடுக்கலாமா தம்பிக்கு?

வேண்டாம். என்னிடம் வருகிறவர்களை நான் கெஞ்சித் தடுப்பது இந்த ஒன்றுக்குத்தான்.

தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது கம்பெனிக்கு முதல் விமானத்தைப் பற்றிக் கவலையே கிடையாது. மதுரையில் பனிமூட்டம், கிளம்பத் தாமதம் என்றால் சிங்கப்பூர் கணக்கில் உங்கள் தம்பி வராத பயணி. பெரும்பாலும் பணம் போனது போனதுதான். ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இரண்டும் இருந்தால், விட்டுப்போன விமானத்துக்குப் பதில் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

மதுரை மாதிரி சின்ன விமான நிலையத்தில் கூட்டம் இல்லை, வரிசை இல்லை, நிம்மதிதான். ஆனால் விமானங்களும் கொஞ்சம்தானே? சென்னையில் ஒன்று ரத்தானால் சில மணி நேரத்தில் இன்னொன்று கிடைக்கும். இங்கே சாயங்காலம் வரைக்கும், சில சமயம் மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டிவரும். ரத்து செய்வது கம்பெனி என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது மாற்று விமானம் கேட்கலாம். எது வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள். ஆனால் வேலையில் சேரவேண்டிய நாள் அதற்காகத் தள்ளிப்போகாது. தனி டிக்கெட்தான் எடுப்பேன் என்றால், முதல் நாள் இரவே ரயிலில் சென்னைக்குப் போய்விடச் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது இன்னொரு விஷயம். பெட்டியில் ஒட்டும் சீட்டைப் பாருங்கள். ஐஎக்ஸ்எம் என்றால் மதுரை, டிஆர்இசட் திருச்சி, எம்ஏஏ சென்னை. சென்னை வழியாக வருகிறவர்கள் ஐஎக்ஸ்எம் என்று பார்த்ததும் பெட்டி தானாக மதுரை போய்விடும் என்று நடையைக் கட்டுகிறார்கள். அப்படிப் போகாது. இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்தில்தான் குடியேற்றச் சோதனையும் சுங்கமும். சென்னையில் பெட்டியை நீங்களே எடுத்து, சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். இதற்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

தொண்டி: கோலாலம்பூர் போக மதுரையா, திருச்சியா?

யோசிக்கவே வேண்டாம், திருச்சி. மலேசியா, சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் அங்கேதான் அதிகம். தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகப் போனால் விமான நிலையம் அந்தச் சாலையிலேயே, ஊருக்கு முன்னாலேயே வந்துவிடும். 2024இல் திறந்த புது முனையம் விசாலமாக இருக்கிறது.

சாயல்குடி: எங்களுக்குத் தூத்துக்குடி பக்கம். அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டும், முழங்கால் வலி.

தாராளமாகப் போகலாம். வேம்பார், குளத்தூர் வழியாக நேர் சாலை. விமான நிலையம் தூத்துக்குடிக்கு மேற்கே வாகைக்குளத்தில் இருக்கிறது, அந்தத் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள்; ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது.

அங்கே ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானம் வந்தால் பின்பக்கக் கதவில் இருக்கும் சின்னப் படியில்தான் ஏற வேண்டும். அதனால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னால் பதிவாகியிருக்க வேண்டும். படி ஏற முடியாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அப்புறம், அந்த விமானத்தில் தலைக்கு மேல் இருக்கும் அறை சின்னது. பெரிய டிராலியை வாசலிலேயே வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள். அம்மாவின் மருந்தை மட்டும் கைப்பையில் வையுங்கள்.

உச்சிப்புளி: எங்கள் ஊரிலேயே ஓடுபாதை இருக்கிறதே, எப்போது ஏறலாம்?

அது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ராமநாதபுரத்தின் பெயர் இருக்கிறது. இங்கிருந்து பயணிகள் விமானம் பறக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. வந்தால் ராமேஸ்வரம் யாத்ரீகர்களுக்கும் நம் சபுராளிகளுக்கும் பெரிய விடிவு. டிக்கெட் விற்பனை தொடங்கும்வரை அதை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்காதீர்கள்.

மண்டபம்: அபுதாபியில் இருக்கும் மகனுக்குக் கருவாடு கொடுத்துவிடலாமா?

கொடுத்துவிடலாம், கைப்பையில் வேண்டாம். நன்றாகக் காய்ந்ததை இரண்டு மூன்று பிளாஸ்டிக் உறையில் கட்டி, மூடி இறுகும் டப்பாவில் போட்டுப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். வாடை வெளியே வந்தால் கவுண்டரிலேயே எடுக்கச் சொல்வார்கள். கொப்பரை வைக்காதீர்கள், எண்ணெய் தீப்பிடிக்கும் என்று எந்தப் பெட்டியிலும் விடமாட்டார்கள். யாராவது கடலட்டை என்ற கடல் உயிரினத்தைக் காயவைத்துக் கொடுத்து "சும்மா கொண்டு போ" என்றால் தொடவே தொடாதீர்கள். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது அது. பிடித்தால் பயணம் மட்டுமல்ல, வழக்கும் உங்கள் மகன் பெயரில்தான் வரும்.