பிளஸ் ஒன் பையன் வேலைக்குப் போகலாமா? கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கட்டும்

வணக்கம் அம்மா. பிளஸ் ஒன் படிக்கும் மகன் பகுதி நேர வேலைக்குப் போகிறேன் என்கிறான். படிப்பு கெட்டுவிடுமோ, காரைக்குடியில் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாலு பேரை முதலில் விட்டுவிடுங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்த நகரத்தார் கடைகளில், வசதியான வீட்டுப் பிள்ளைகள்கூடப் கடைசிப் படியான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்துதான் தொழில் பழகினார்கள். அடுத்தாள், மேலாள் என்ற மேல் பதவிகள் எல்லாம் அப்புறம். நம் ஊரில் இதை இழுக்கு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

படிப்பைப் பற்றிய பயம் நியாயமானது. அதற்குச் சட்டமே ஓர் எல்லை வைத்திருக்கிறது. 14 வயது முடிந்து 18 ஆகாதவர்கள் ஆபத்தில்லாத வேலை செய்யலாம். ஆனால் இரவு 7 மணிக்கு மேல், காலை 8 மணிக்கு முன் கூடாது. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. "ராத்திரி பத்து வரைக்கும் இருப்பியா தம்பி?" என்று கேட்கும் கடை நமக்கு வேண்டாம். பள்ளி நடக்கும் மாதங்களில் ஞாயிறு மட்டும் போகட்டும். ஏப்ரல், மே விடுமுறையில் இந்த எல்லைக்குள் முழுதாகப் பார்க்கலாம்.

எங்கே போவது? தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பலகாரக் கடைகளுக்கு ஆள் போதாது. தேன்குழலும் அதிரசமும் சீப்புச் சீடையும் எடை போட்டு, பெட்டியில் அடுக்கி, வெளியூர் பார்சலுக்கு முகவரி எழுத வேண்டும். அடுப்படி வேண்டாம், எண்ணெய்ச் சட்டி இருக்கும் இடம். உங்கள் மகன் கணக்குப்பதிவியல் எடுத்திருப்பதால், பில் போடும் மேசைக்குப் பக்கத்தில் நிற்கக் கேட்கட்டும். பற்று வரவு என்று பாடத்தில் படித்தது, மாலையில் கல்லாப் பணம் பத்து ரூபாய் குறையும்போதுதான் உண்மையாகப் புரியும். கண்டாங்கிச் சேலைக் கடை, புத்தகக் கடை, நகல் எடுக்கும் கடையும் சரிதான்.

ஆங்கிலம் பேச ஆசை இருந்தால் கானாடுகாத்தான் பக்கம் இருக்கும் தங்கும் விடுதிகளில் பாருங்கள். குளிர்காலத்தில் வெளிநாட்டவர் வருவார்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, கண்ணாடியின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்தே இறுக வைக்கிறார்கள் என்று நாலு வாக்கியம் தடுமாறாமல் சொல்லத் தெரிந்த பையனை வரவேற்பில் உதவிக்கு வைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. கல் வார்க்கும் பட்டறைக்கு வேடிக்கை பார்க்கப் போகட்டும். சிமெண்டுத் தூசியில் வேலை செய்ய நான் அனுப்ப மாட்டேன். டெலிவரி வேலையும் வேண்டாம். கியர் வண்டி உரிமத்துக்கு 18 வயதாக வேண்டும். அதற்கு முன் ஓட்டினால் வழக்கு உங்கள் மேலும் பாயும்.

போனில் வரும் 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, பதிவுக் கட்டணம் மட்டும்' என்பதைத் தொடவே கூடாது. வேலை தருகிறவர் பணம் கேட்க மாட்டார். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள்.

கேட்கப் போகும்போது கூட்டமில்லாத நேரமாக, காலை பதினொரு மணி வாக்கில் போகட்டும். நீங்கள் கூடப் போகலாம், ஆனால் பேசுவது அவனாக இருக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணி நேரம், சம்பளம் வாரமா மாதமா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். தெரிந்தவர் கடை என்று கூச்சப்பட்டால் கடைசியில் ஒரு பை முறுக்கோடு முடிந்துவிடும்! வயதுக்கு ஆதார் நகல் போதும், அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுக்கக் கூடாது. பத்து வயதுக்கு மேல் சொந்தமாக வங்கிக் கணக்கை இயக்கலாம் என்பதால் சம்பளம் அவன் பெயரிலேயே போகட்டும்.

ஜூனில் பிளஸ் டூ தொடங்கும்போது நிறுத்திவிடலாம். ஒரு வாரம் முன்னாடியே கடைக்காரரிடம் அவனே போய்ச் சொல்லட்டும், நீங்கள் போன் போடாதீர்கள்.