ஜப்பானியப் பாப் பாட்டுக்கு ரசிகராகிவிட்டேன். ஆனால் பாதிப் பாட்டு இங்கே கிடைப்பதில்லை, டிக்கெட்டும் வாங்க முடிவதில்லை. அங்கே இருப்பவர்கள் எப்படித்தான் ரசிக்கிறார்கள்?

டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் குடியிருக்கிறேன். கணினி வேலை. சம்பளத்தில் ஒரு பங்கு கச்சேரிகளுக்கே போய்விடும். அதற்கு வீட்டில் தனியாகத் திட்டும் உண்டு. அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பாப் நமக்காகச் செய்யப்பட்டதே இல்லை. இசை விற்பனையில் அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய நாடு ஜப்பான். உள்ளூர்க்காரர்களே கை நிறையக் காசு கொடுத்து வாங்கும்போது வெளியூர் ரசிகனைத் தேடிப் போக எந்த கம்பெனிக்கும் அவசரம் இருக்கவில்லை. கொரியாவில் உள்நாட்டுச் சந்தை சிறியது, அதனால் அவர்கள் வெளியே போயே ஆகவேண்டியிருந்தது. இவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. யூடியூபில் ஒன்றரை நிமிடத்தில் அறுந்துபோகும் வீடியோ, 'உங்கள் நாட்டில் இல்லை' என்ற அறிவிப்பு, ஜப்பானியக் கைபேசி எண் கேட்கும் டிக்கெட் தளம் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். உங்கள்மேல் யாருக்கும் விரோதமில்லை. உங்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதன் உச்சம் ஜானீஸ் நிறுவனம். ஆண் ஐடல் குழுக்களில், அதாவது பாடவும் ஆடவும் பழக்கி ரசிகர்களுக்கென்றே மேடையேற்றும் இளைஞர் குழுக்களில், பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்த இடம். 2018 வரை தங்கள் பையன்களின் படத்தை இணையத்தில் போட விடமாட்டார்கள். அட்டையில் அவர்கள் இருக்கும் பத்திரிகையை இணையக் கடையில் பார்த்தால், ஆள் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் மட்டும் நிற்கும். நிறுவனர் சிறுவர்களுக்குச் செய்த பாலியல் கொடுமைகளை 2023-இல் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்தப் பெயரையும் கைவிட்டது. அது தனிக் கதை, இங்கே அரைகுறையாகச் சொல்வது சரியாக இருக்காது.

சரி, காசு எதில் வந்தது? சிடியில். பாடகர் உதாதா ஹிகாருவின் முதல் ஜப்பானிய ஆல்பம் 1999-இல் வந்தபோது அவருக்கு வயது 16. அது 75 லட்சத்துக்கும் மேல் விற்றது. மக்கள்தொகையோடு வகுத்தால் ஏறக்குறைய பதினேழு பேருக்கு ஒரு சிடி! அந்தச் சாதனை இன்றும் முறியவில்லை. இதில் இன்னொரு சங்கதி உண்டு. புத்தகம், செய்தித்தாள், இசைத்தட்டு ஆகியவற்றைத் தயாரிப்பாளர் குறித்த விலைக்கே கடைக்காரர் விற்கவேண்டும் என்று கட்டுப்படுத்த இங்கே சட்டம் இடம் தருகிறது. அதனால் புது ஆல்பத்தில் தள்ளுபடி என்ற பேச்சே கிடையாது; சுமார் 3000 யென் என்றால் 3000 யென்தான். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை எப்படி வாங்கியது? வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தது. 1980-இல் மிதாகாவில் ஒரு கடையில் தொடங்கிய வழக்கம் அது, பிறகு சுதாயா போன்ற சங்கிலிக் கடைகள் நாடு முழுக்கக் கொண்டுபோயின. எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஓர் அம்மாள் சொல்வார்: "கல்லாவுக்குப் பக்கத்திலேயே வெற்றுக் கேசட்டும் அடுக்கி வைத்திருப்பார்கள். எதற்கு என்று அவர்களும் சொல்லமாட்டார்கள், நாங்களும் கேட்கமாட்டோம்."

டவுன்லோடு வந்த பிறகும் சிடி சாகாததற்குக் காரணம் பாட்டு மட்டும் இல்லை. 2005 டிசம்பரில் அகிஹபாராவில் ஒரு கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடியில், 250 பேர் கொள்ளும் அரங்கில் ஏகேபி48 என்ற பெண் ஐடல் குழு தொடங்கியது. சிடிக்குள் கைகுலுக்கும் சீட்டு வைத்தார்கள். 2009 முதல் 2018 வரை ஆண்டுதோறும் 'தேர்தல்' நடத்தி ஓட்டும் வைத்தார்கள். அடுத்த பாட்டில் யார் முன்வரிசை என்பதை அந்த ஓட்டு தீர்மானிக்கும். ஒரே சிடியைப் பெட்டி பெட்டியாக வாங்கியவர்கள் உண்டு. சீட்டை மட்டும் உருவிக்கொண்டு சிடிக்களை மலையில் கொட்டி வழக்கில் மாட்டியவரும் உண்டு. எனக்கு இந்த வியாபாரம் பிடிக்காது. ஆனாலும் அந்தக் கைகுலுக்கலுக்காக மணிக்கணக்கில் நின்றவர்களைப் பரிகாசம் செய்ய மனசு வராது. தங்களுக்குப் பிடித்தவரிடம் போய் "போன வாரம் நன்றாக ஆடினாய்" என்று சொல்ல அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

டோக்கியோவின் ஷிபுயாவில் டவர் ரெக்கார்ட்ஸ் என்ற சிடிக் கடை இருக்கிறது. அமெரிக்காவில் தாய்க் கம்பெனி 2006-இல் இழுத்து மூடிவிட்டது. இங்கே தனியாகப் பிரிந்து வந்தவர்கள் பல மாடிக் கடையாக நடத்துகிறார்கள். போனால் சிடியைவிட அட்டைகளைப் பாருங்கள். கடைப் பையன்களும் பெண்களும் கலர் மார்க்கரில் கைப்பட எழுதி ஒட்டியிருப்பார்கள்: எந்தப் பாட்டில் எத்தனையாவது நொடியில் பேஸ் கிடார் உள்ளே வருகிறது, எதை மழை நாளில் கேட்கவேண்டும், எந்தப் பாடகியை இப்போதே பார்க்கவில்லை என்றால் பிறகு வருந்துவீர்கள். இடம் போதாமல் எழுத்து ஓரத்தில் மடங்கி ஏறியிருக்கும். பக்கத்தில் ஒருத்தி தன் ஓஷியின், அதாவது அவள் உயிரைக் கொடுக்கும் பாடகனின், சின்ன அக்ரிலிக் பொம்மையை அவன் சிடிமேல் நிறுத்திவைத்துப் படமெடுப்பாள். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அடுத்து அதே இடத்தில் படமெடுக்க இன்னொருத்தி பொறுமையாக நிற்பாள்.

இப்போது டிக்கெட். நம் தட்கல் மாதிரி முந்தியவனுக்கு முதலிடம் என்பது இங்கே பெரிய கச்சேரிகளில் அநேகமாக இல்லை. எல்லாம் குலுக்கல். ரசிகர் மன்றத்தில் ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு முதல் குலுக்கல், சிடிக்குள் வரும் எண்ணை வைத்து இரண்டாவது, அப்புறம் டிக்கெட் கம்பெனிகளின் குலுக்கல், மிச்சம் இருந்தால் பொது விற்பனை. எந்த இருக்கை என்பதும் நம் கையில் இல்லை. கச்சேரிக்குச் சில நாள் முன்புதான் தெரியும் என்பதும் சகஜம். முடிவு வரும் நாளில் கணக்குப் பிரிவு அம்மாள் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவார். டிக்கெட் விழுந்துவிட்டால் அன்று மாலையே தெருமுனையில் லாசன் என்ற சில்லறைக் கடைக்குப் போவார். அங்கே லோப்பி என்று ஒரு சிவப்பு இயந்திரம். அதில் எண்ணைத் தட்டினால் பில் போல ஒரு நீளச் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்துப் பணம் கட்டவேண்டும். முன்னால் நிற்பவர் பொரித்த கோழி வாங்குகிறார், பின்னால் நிற்பவர் மின்கட்டணம் கட்டுகிறார், நடுவில் இவர் தன் வருடத்தின் மிகப் பெரிய சந்தோஷத்துக்குப் பணம் கட்டுகிறார்.

குலுக்கலில் விழாதவர்களுக்காகக் கள்ளச் சந்தை கொழித்த காலம் ஒன்று இருந்தது. 2019 ஜூனில் அதற்கென்றே சட்டம் வந்தது. பெயர் பொறித்த, மறுவிற்பனை தடைசெய்யப்பட்ட டிக்கெட்டை விலை ஏற்றித் தொழிலாக விற்றால் ஓராண்டு வரை சிறை, பத்து லட்சம் யென் வரை அபராதம். வாசலில் அடையாள அட்டையும் கேட்பார்கள். ஆகவே சமூக வலைத்தளத்தில் யாரோ 'கூடுதலாக ஒன்று இருக்கிறது' என்றால் பணம் அனுப்பிவிடாதீர்கள். இப்போது சில கச்சேரிகளுக்கு வெளிநாட்டவருக்கென்று தனி விற்பனைப் பக்கம் திறக்கிறார்கள், கடவுச்சீட்டுப் பெயரிலேயே பதியலாம். பாடகரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் தேடுங்கள்.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. அனுமதித்தால் ஒழியப் படம் எடுக்கக்கூடாது. ஐடல் கச்சேரி என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், ரசிகர் கையில் அந்த நிற விளக்குக் கோல். பாடகன் பெயரை எழுதிய கைவிசிறியை நெஞ்சளவுக்கு மேல் தூக்கக்கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். எங்கே கத்த வேண்டும், என்ன கத்த வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். மெதுவான பாட்டு வந்தால் ஓர் இருமல்கூடக் கேட்கும். முடிந்ததும் வரிசை எண்ணை அறிவித்து, பகுதி பகுதியாகத்தான் வெளியே விடுவார்கள். முதல் தடவை இது ஏதோ ராணுவ அணிவகுப்பா என்று தோன்றும். போகப் போக இந்தக் கட்டுப்பாடே ஆட்டத்தின் பாதி என்று புரியும்.

ஆனால் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் நான் சொல்வது வேறு. பெரிய அரங்கை விடுங்கள், டோக்கியோவிலேயே இருக்கும் ஷிமோகிதாசாவாவுக்குப் போங்கள். நிலவறைகளில் 'லைவ் ஹவுஸ்' எனப்படும் குட்டி அரங்குகள். குலுக்கல் கிடையாது, பெரும்பாலும் அன்று மாலை வாசலில் காசு கொடுத்தே நுழையலாம். டிக்கெட்டோடு பானத்துக்கென்று ஒரு 600 யென் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, இந்த இடங்களில் பெரும்பாலானவை உணவகம் என்ற உரிமத்தில் நடப்பதால் அப்படி. இன்னொன்றும் கேட்பார்கள்: "இன்று எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள்?" சும்மா யாரையாவது சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் இத்தனை டிக்கெட் விற்றுத் தரவேண்டும், குறைந்தால் கைக்காசு போடவேண்டும் என்பது பல அரங்குகளில் வழக்கம். உங்கள் பதில் அந்தக் குழுவின் கணக்கில் ஏறும். ஆட்டம் முடிந்ததும், சற்றுமுன் மேடையில் உயிரை விட்டுக் கத்திய அதே பெண் கழுத்தில் துண்டோடு மேசை போட்டு உட்கார்ந்து டி-சட்டை விற்பாள். தப்பும் தவறுமான ஜப்பானியத்தில் நீங்கள் பேசினாலும் நின்று பதில் சொல்வாள்.

கரோக்கி பற்றி ஒரு வார்த்தை. 1971-இல் கோபேயில் இனோவே தைசுகே தன் இயந்திரத்தைச் செய்தார், காப்புரிமை வாங்கவில்லை. தனித்தனி அறை வைத்த கடைகள் எண்பதுகளில் ஒகயாமாவில் பழைய சரக்குப் பெட்டகங்களில் தொடங்கின. இன்று தனியாகப் போய்ப் பாடுவது சர்வ சாதாரணம். மதிப்பெண் முறையைப் போட்டுவிட்டால் சுருதி திரையில் கோடுகளாக ஓடும். எங்கே குரலை நடுக்கினீர்கள், எங்கே கீழிருந்து வழுக்கி ஏற்றினீர்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணி, அதே பாட்டில் நாட்டின் சராசரி என்ன என்பதையும் காட்டும். கமகம் பழகிய தொண்டைக்கு இதில் கொஞ்சம் லாபம் உண்டு என்பது என் சொந்தச் சந்தேகம்.

நிலைமை மாறிக்கொண்டும் இருக்கிறது. 1984-இல் தகேஉச்சி மரியா பாடிய 'பிளாஸ்டிக் லவ்' உலகம் சுற்றியது, 2017-இல் யாரோ ஒரு ரசிகர் யூடியூபில் ஏற்றியதால். கம்பெனி பிறகுதான் விழித்தது. அவர் கணவர் யமஷிதா தாட்சுரோவோ ஸ்ட்ரீமிங்குக்கு வரமாட்டேன் என்று 2022-இல் பேட்டியிலேயே சொன்னவர். ஒரே வீட்டில் இரண்டு கொள்கை! 2023-இல் யோவாசோபி என்ற இருவர் குழுவின் 'ஐடல்', பில்போர்ட் இசைப் பத்திரிகையின் அமெரிக்கா நீங்கலான உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ஜப்பானிய மொழிப் பாட்டானது.

நம் பக்கத்து வாசனையோடு தொடங்க ஆசையிருந்தால் ஃபுஜீ கஸே என்ற பாடகரைக் கேளுங்கள். ஒகயாமா பையன், சின்ன வயதில் வீட்டுப் பியானோவில் வாசித்து யூடியூபில் போட்டவர். அவருடைய முதல் இரண்டு ஆல்பங்களின் பெயர்கள் 'ஹெல்ப் எவர் ஹர்ட் நெவர்', 'லவ் ஆல் சர்வ் ஆல்'. எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதா? புட்டபர்த்தி சாய்பாபா வாசகங்களேதான். முதல் ஆல்பத்தின் ஒரு பாட்டு 2022-இல் தாய்லாந்தில் பற்றிக்கொண்டு அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. ஜப்பானில் அதற்கென்று யாரும் விளம்பரம் செய்யவில்லை.

அங்கிருந்தே ரசிக்க என்ன செய்யலாம்? கதகானா எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் போதும். பல பாட்டுப் பெயர்கள் அதில்தான் இருக்கும், தேடினால் கிடைக்காதது அப்போது கிடைக்கும். சிடி வேண்டுமென்றால் புதிதாக வாங்கி அனுப்பச் சொல்லாதீர்கள், அனுப்பும் செலவு சிடி விலையைத் தாண்டும், சுங்கம் வேறு. ஜப்பான் வந்துபோகும் நண்பர் யாராவது இருந்தால் பழைய புத்தகமும் சிடியும் விற்கும் புக் ஆஃப் கடைக்கு அனுப்புங்கள். மூவாயிரம் யென் ஆல்பம் சில நூறு யென்னுக்கு, முதுகில் சுற்றிய காகிதப் பட்டை முதற்கொண்டு கசங்காமல் கிடைக்கும்.