நடுநிலை அமைப்பு லயன் குடும்பங்களுக்காகப் பேசலாமா?

லயன் குடும்பங்களுக்காக உங்கள் அமைப்பு எழுதிய கடிதத்தைத் தலைவர் நிறுத்திவிட்டார் என்று சொல்லி, இப்படிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பேசலாம். மண்சரிவு அபாயமுள்ள லயன்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்குப் பாதுகாப்பான காணி கொடுங்கள் என்று பிரதேச செயலகத்துக்கு எழுதுவது நடுநிலையை மீறுவதாகாது, ஒரு கட்சிக்கோ தொழிற்சங்கத்துக்கோ சாய்ந்தால்தான் மீறல். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவே கண்ணிவெடியைத் தடைசெய்யச் சொல்லி வெளிப்படையாகக் குரல் கொடுத்தது. 1997இல் அதைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தம் வந்தது, 2017இல் இலங்கையும் சேர்ந்தது.

உங்கள் தலைவர் "இது அரசியல்" என்று கடிதத்தை நிறுத்தியதற்கு, அதன் பிரதி ஒரே ஒரு தொழிற்சங்கத்துக்குப் போனதுதான் காரணமாக இருக்கும்.

சரி, இப்படிப் பாருங்கள். அதே கடிதத்தை ஒரு சொல் மாற்றாமல் எல்லாச் சங்கங்களுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுக்க முடியுமா? முடியாதென்றால், இடறும் வரியை எடுத்துவிட்டு, எத்தனை குடும்பம், எந்தச் சுவரில் வெடிப்பு, மண்சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்ன எச்சரித்தது என்று எழுதுங்கள். 2014இல் மண்சரிவில் லயன்கள் புதைந்த மீரியபெத்தைத் தோட்டத்திலும் எச்சரிக்கை முன்பே இருந்தது, ஆனாலும் சனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

அப்புறம் ஒன்று, கேட்காமல் யார் பெயரையும் போடாதீர்கள். வீடு தோட்டத்துடையது, வேலையும் அங்கேதான். கடிதத்தால் வரும் சிக்கல் அவர்கள் தலையில்தான் விழும்.